மாதவிடாய் நின்ற பிறகு வரும் முப்பது ஆண்டுகள்: பழக்கத்தால் ஆவது எது, மருத்துவத்தால் ஆவது எது

தென்மாவட்டங்களில் ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் வீடே அவளுடைய சாப்பாட்டைக் கவனிக்கத் தொடங்கிவிடும். உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும், சில வீடுகளில் பச்சை முட்டையும், இடுப்பெலும்பு வலுப்பட வேண்டும் என்று சொல்லிச் சொல்லிக் கொடுக்கப்படும். அவளே பிள்ளை பெற்றால் பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், நாற்பது நாள் ஓய்வு என்று இன்னொரு சுற்றுக் கவனிப்பு நடக்கும். அதே உடலில் நாற்பத்தைந்து வயதையொட்டி மூன்றாவது பெரிய மாற்றம் வரும்போது மட்டும் வீட்டில் எதுவும் மாறுவதில்லை. “அந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்” என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எலும்புக்கும் தசைக்கும் இதயத்துக்கும் வாழ்நாளிலேயே மிக அதிகக் கவனிப்பு தேவைப்படும் காலங்களில் ஒன்று அப்படிக் கவனிப்பாரில்லாமல் கழிகிறது என்பதுதான் வருத்தம்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46 அல்லது 47 என்று கணக்கிடப்படுகிறது. மேலை நாடுகளில் அது 51. தமிழ்நாட்டுப் பெண்ணின் சராசரி ஆயுள் எழுபதைத் தாண்டிவிட்ட நிலையில், வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாதவிடாய் நின்ற பிறகு கழிகிறது. ஆகவே இது சில மாதத் தொல்லையைச் சகித்துக் கடக்கும் விஷயமாக இல்லாமல், இருபத்தைந்து முப்பது ஆண்டுகளை எப்படிப்பட்ட உடம்போடு வாழப்போகிறோம் என்ற கேள்வியாக இருக்கிறது.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டதாக, அதாவது மெனோபாஸ் வந்துவிட்டதாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். அதற்கு முன்பே நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை நீளக்கூடிய ஒரு மாறுகாலம் உண்டு. பெரும்பாலான பெண்களைத் திணறடிப்பது இந்த மாறுகாலம்தான். சினைப்பையில் முட்டைகள் குறையக் குறைய, அங்கே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் படிப்படியாக, சீராகக் குறையும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அது ஒரு மாதம் எகிறி, மறு மாதம் சரிந்து, மீண்டும் ஏறி இறங்கித்தான் ஓய்கிறது. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்காமல் போவதால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, இரண்டு மாதம் வராமல் இருந்துவிட்டு மூன்றாம் மாதம் கொட்டித் தீர்க்கிறது. மார்பு கனப்பதும், காரணமில்லாமல் எரிச்சல் வருவதும், நடு இரவில் விழிப்புத் தட்டுவதும் இந்த ஏற்ற இறக்கத்தின் வேலை. இந்தக் காலத்தில் கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒருவருக்கு அறிகுறிகளை வைத்தே இந்த மாற்றத்தைச் சொல்லிவிடலாம். அதற்கென்று ஹார்மோன் பரிசோதனைகளுக்குச் செலவழிக்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. ஆனால் தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் இதே போன்ற சோர்வையும் மறதியையும் உடல் பருமனையும் தரக்கூடியவை என்பதால், அவற்றையும் சர்க்கரையையும் பார்த்துவிடுவது நல்லது. நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனால் அது வேறு வகையைச் சேர்ந்தது. அதை இயல்பென்று விட்டுவிடாமல் மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

முதலில் எல்லோரும் பேசும் அறிகுறியை எடுத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குப்பென்று சூடு ஏறி, வியர்த்து ஊற்றி, சில நிமிடங்களில் அடங்கி, அதன் பின் லேசாகக் குளிரெடுப்பதைத்தான் ஹாட் ஃப்ளாஷ் என்கிறார்கள். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. உடல் வெப்பம் சிறிதளவு கூடினாலும் குறைந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அங்குள்ள சில நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, அந்தப் பொறுத்துக்கொள்ளும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. அதனால் ஒரு தம்ளர் சூடான காபியின் வெப்பம்கூட ஆபத்தான சூடாகக் கணக்கில் ஏறி, தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து வியர்வை கொட்டுகிறது. அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ ஆய்வில், அடிக்கடி இந்த அறிகுறி வந்த பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது தெரியவந்தது. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்பதில் அந்தப் ‘போகப் போக’ எவ்வளவு நீளமானது என்பதை இது காட்டுகிறது.

நம் வீடுகளில் இதை உடம்புச் சூடு என்று எடுத்துக்கொண்டு மோர், இளநீர், வெந்தயம் என்று கொடுப்பார்கள். அவற்றால் கெடுதல் இல்லை, தாகத்துக்கு நல்லவை. மூளையில் நடக்கும் அந்தக் கோளாறை அவை மாற்றிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க முடியாது. இதே நேர்மையை உடற்பயிற்சிக்கும் யோகாவுக்கும் காட்ட வேண்டும். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023ஆம் ஆண்டு, ஹார்மோன் அல்லாத வழிகளைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் அலசி வெளியிட்ட அறிக்கையில், ஹாட் ஃப்ளாஷைக் குறைக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உடற்பயிற்சி, யோகா, மூச்சுப் பயிற்சி, சோயா உணவுகள், மூலிகைச் சத்து மாத்திரைகள் ஆகிய எல்லாவற்றையும் ஒதுக்கியது. சான்று உள்ளவை என்று அது ஏற்றுக்கொண்ட பழக்கம் சார்ந்த வழிகள் மிகச் சிலவே: கூடுதல் எடையைக் குறைப்பது, எண்ணங்களையும் எதிர்வினைகளையும் மாற்றப் பயிற்றும் நடத்தைச் சிகிச்சை, மருத்துவ ஹிப்னாஸிஸ்.

இதைப் படித்துவிட்டு நடைப்பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வாழ்க்கைமுறை மாற்றம் என்று பொதுவாகச் சொல்லி எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே அறிவுரையைக் கொடுப்பதால் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. மூன்று மாதம் நடந்தும் வியர்வை குறையவில்லை என்று ஒரு பெண் நடையையே விட்டுவிடுகிறாள். அல்லது, நான் ஒழுங்காக இல்லாததால்தான் எனக்கு இப்படி என்று தன்னையே நொந்துகொண்டு, கிடைக்கக்கூடிய மருத்துவத்தைக் கேட்காமலேயே இருந்துவிடுகிறாள். நடையும் எடைப் பயிற்சியும் சாப்பாடும் வேறு இடத்தில் பலன் தருகின்றன. அந்தப் பலன் கண்ணுக்கு உடனே தெரியாது என்றாலும், எலும்பிலும் இதயத்திலும் தூக்கத்திலும் அது உறுதியானது.

வியர்வையோடு வாழும் நாட்களைக் கொஞ்சம் எளிதாக்கிக்கொள்ளலாம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை ஆறாது என்பதால், இரவில் நைலான் கலந்த நைட்டியைத் தவிர்த்துப் பருத்தியை உடுத்துவதும், தலைமாட்டில் மாற்று நைட்டி ஒன்றும் சிறு துண்டும் வைத்துக்கொள்வதும், நள்ளிரவில் எழுந்து பீரோவைத் திறந்து தூக்கத்தை முழுதாகக் கலைத்துக்கொள்ளாமல் காக்கும். சமையலை வெயிலுக்கு முன் முடிப்பதும், அடுப்படியில் புகைபோக்கி விசிறி மாட்டுவதும், காபி, காரம் இவற்றில் தனக்கு எது தூண்டுகிறது என்று கவனித்து அதை மட்டும் குறைப்பதும் அவரவர் அனுபவத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

தூக்கம் கெடுவதற்கு வியர்வை ஒன்றே காரணமாக இருப்பதில்லை. இந்த வயதில் குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் பெண்களுக்கும் கூடுகிறது. எட்டு மணி நேரம் படுத்தும் பகலெல்லாம் கண் செருகினால் அதைச் சந்தேகிக்க வேண்டும். மனநிலை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. மாறுகாலத்தில் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, முன்பு பிரசவத்தை ஒட்டியோ வேறு சமயத்திலோ அது வந்தவர்களுக்கு மேலும் கூடுகிறது. மகள் கல்யாணம், மகனின் வேலை, படுக்கையில் விழுந்த மாமியார் என்று பொறுப்புகள் குவிவதும் இதே ஆண்டுகளில்தான் என்பதால், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையும் வெறுமையுமாக இருக்கும் ஒருவரை ‘வயசுக் கோளாறு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அது சிகிச்சை உள்ள நோய். வாழ்வதில் அர்த்தமில்லை என்று அவர் பேச ஆரம்பித்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இனி எலும்புக்கு வருவோம். எலும்பு நம் வாழ்நாள் முழுவதும் கரைந்துகொண்டும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கும் திசு. கரைக்கும் அணுக்களைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது விலகியதும் கரைப்பு முந்திக்கொள்கிறது. மாதவிடாய் நிற்பதை ஒட்டிய ஐந்தாறு ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு எலும்பு அடர்த்தி போய்விடக்கூடும். சிலருக்கு அதற்கும் மேல். இதில் வலி கிடையாது. குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றும்போது மணிக்கட்டு முறிவதும், எழுபது வயதில் இடுப்பு முறிவதும், உயரம் குறைந்து முதுகு கூன் விழுவதும் அந்த ஆண்டுகளில் நடந்த இழப்பின் பிந்தைய விளைவுகள். ஈஸ்ட்ரோஜன் போனதோடு தசையும் கரைகிறது, தசை தளர்ந்தால் தடுமாற்றம் கூடுகிறது, தடுமாற்றம் முறிவில் முடிகிறது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம். தசை கரையும் வயதில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது என்பவர்கள் பலர். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் தட்டை எடுத்துப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல். இரவு இரண்டு தோசை அல்லது மதியம் மிஞ்சிய சோற்றில் மோர். இடையில் இரண்டு காபி. வயிறு நிறைந்துவிடும். கணக்குப் போட்டால் புரதம் முப்பது முப்பத்தைந்து கிராமில் நிற்கும், கால்சியம் தேவையில் பாதியைக்கூட எட்டாது. அதிலும் சாம்பாரின் பருப்பு அடியில் தங்கிப் பிள்ளைகளுக்குப் போய்விட்டு, கடைசியில் உட்காருபவளுக்கு மேல் தண்ணீர் மட்டும் மிஞ்சும் வீடுகள் நிறைய.

இதைச் சரிசெய்ய வெளியூர் உணவு எதுவும் தேவையில்லை. ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 180 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதைப் புளிக்கவைத்துக் கூழாகவோ முளைகட்டி அரைத்தோ சாப்பிட்டால் உடல் கூடுதலாக ஏற்கும். ஒரு கிண்ணம் தயிரில் ஏறக்குறைய அதே அளவு. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையில் சுமார் 150. பத்து கிராம் எள்ளில் நூற்றுக்கு மேல். எள்ளுப் பொடியைத் தோசைக்குத் தொட்டுக்கொள்வதே போதும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடும் கடற்கரைப் பெண்களுக்கு அது இன்னொரு வழி. புரதத்துக்கு மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், காலையில் ஒரு முட்டை அல்லது ஒரு பிடி வேர்க்கடலை, சாம்பாரை அடிக்கரண்டியிட்டுக் கலக்கி ஊற்றிக்கொள்ளும் பழக்கம் ஆகியவை போதுமான மாற்றத்தைக் கொடுக்கும். வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கிண்டிய உளுந்தங்களியை அவளுடைய அம்மாவுக்கும் வாரம் ஒருமுறை கிண்டலாம். உளுந்தின் புரதம் எந்த வயதுக்கும் பொது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் கருப்பட்டியைக் கணக்கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதுவும் சர்க்கரைதான்.

உணவில் எட்டாததை மாத்திரையால் ஈடுகட்டலாம், மருத்துவர் சொல்லும் அளவில். ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் கால்சியத்தை உடல் நன்றாக உறிஞ்சாது. தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் தைராய்டு மருந்து ஏறாது. இரண்டுக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையோடும் கால்சியத்தைச் சேர்க்கக் கூடாது. காலையில் எல்லா மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கும் வழக்கம் நம்மிடம் அதிகம் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். வைட்டமின் டி குறைபாடு இவ்வளவு வெயில் அடிக்கும் நம் ஊரிலும் பரவலாக இருக்கிறது. அதற்காகக் கொடுக்கப்படும் 60,000 யூனிட் பொடியை வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் சாப்பிடச் சொல்வார்கள். அதே சீட்டை வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால் இரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

உடற்பயிற்சி என்றதும் “வீட்டு வேலை செய்வதே உடற்பயிற்சிதானே” என்று கேட்காத பெண் இல்லை. வீட்டு வேலை கடினமானது, களைப்பைத் தரக்கூடியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாகத் தூக்கிப் பழகிய அதே குடம், அதே குனிதல், அதே நடை என்பதால் எலும்புக்கும் தசைக்கும் புதிய சுமை எதுவும் ஏறுவதில்லை. பழகிய சுமையைவிடச் சற்றுக் கூடுதலான சுமை ஏறும்போதுதான் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்கிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்படுத்தும் பயிற்சியும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. நடைப்பயிற்சி முதல் பாதியைத்தான் நிறைவேற்றுகிறது. இரண்டாம் பாதியைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை.

அதை வீட்டிலேயே செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, கையூன்றாமல் எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். முதல் வாரத்தில் ஐந்தாறு முறை முடியலாம். அது பத்தாகும், பதினைந்தாகும், பிறகு ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யலாம். சுவரில் கையூன்றித் தள்ளுவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு; அதே இடத்தில் ஒற்றைக்காலில் நிற்பது தடுமாறாமல் இருக்க. கால்மணி நேரத்துக்கு மேல் இதற்கு ஆகாது. மூட்டுவலி உள்ளவர்கள் பயிற்சியே கூடாது என்று நினைக்கிறார்கள். தொடைத் தசை வலுப்பட்டால்தான் முழங்காலின் பாரம் குறையும். எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்துபோன எலும்புப்புரை நோய் இருப்பது உறுதிசெய்யப்பட்டவர்கள் மட்டும், யோகா வகுப்பில் சொன்னாலும், முதுகை முன்னோக்கி வளைத்துத் தலையை முட்டியில் தொடும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும், அவை முதுகெலும்பை நொறுக்கக்கூடும்.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் மேலே சொன்ன சாப்பாடும் பயிற்சியும் இதற்கும் சேர்த்துத்தான். மாதவிடாய் நின்றபின் கெட்ட கொழுப்பான எல்டிஎல் கூடுகிறது, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏற வாய்ப்பு அதிகமாகிறது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்பை ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றுமே சேர்ந்தால் ஒரு வேளையிலேயே தாண்டிவிடலாம். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சைப் பிடிக்கும் வலியாக வராமல், மூச்சு வாங்குவதாகவும், தாடையிலோ முதுகிலோ வலியாகவும், திடீர்ச் சோர்வாகவும் வரும். அதை வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுவதில் நேரம் போய்விடுகிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வந்து மருந்து தருகிறார்கள். ஆகவே கணவருக்குப் பார்க்கும்போது தனக்கும் ஒருமுறை கையை நீட்டிப் பார்த்துக்கொள்ள எந்தத் தயக்கமும் வேண்டாம்.

வெளியே சொல்லப்படாமலேயே போகும் அவதி ஒன்று உண்டு. பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து வறண்டு எரிச்சல் தருவதும், தாம்பத்தியத்தில் வலிப்பதும், தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிவதும், திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று வருவதும் ஈஸ்ட்ரோஜன் குறைவால் நேரவோ கூடவோ செய்பவை. ஹாட் ஃப்ளாஷ் காலப்போக்கில் தணிந்துவிடும். இந்த வறட்சி கவனிக்காவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு கூடும். கசிவுக்கு அஞ்சித் தண்ணீரே குடிக்காமல் பஸ் பயணம் போகும் பெண்கள், வலிக்கு அஞ்சிக் கணவரை விட்டு விலகிப் படுத்து அதற்கான பழியையும் சுமக்கும் பெண்கள் நம்மைச் சுற்றி எத்தனையோ பேர். சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கீகெல் பயிற்சியைச் சில மாதங்கள் விடாமல் செய்தால் கசிவு கணிசமாகக் குறையும். வறட்சிக்கு ஈரப்பதம் தரும் களிம்புகள் உண்டு. அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு மிகக் குறைந்த அளவு மருந்தைக் கொண்டது. திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றையும் அது தடுக்கிறது. சோப்பும் கிருமிநாசினியும் போட்டுக் கழுவுவது எரிச்சலைக் கூட்டவே செய்யும்.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுசெய்யும் ஹார்மோன் மாத்திரை என்றதும் புற்றுநோய் என்ற பயம் எழுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வில், 16,000க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்திருந்த, ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் போன்று செயல்படும் புரோஜெஸ்டின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பிரிவு, மார்பகப் புற்றுநோயும் இதயப் பாதிப்புகளும் கூடியதால் 2002 ஜூலையில் நிறுத்தப்பட்டது. செய்தி உலகெங்கும் பரவியது. மருத்துவர்களே எழுதிக்கொடுக்க அஞ்சினார்கள். அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதும், கூடிய மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்குப் பதினாயிரம் பெண்களில் எட்டுப் பேர் அளவே என்பதும், கருப்பை நீக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பிரிவில் அந்த உயர்வு காணப்படவில்லை என்பதும் அதே அளவுக்குப் பரவவில்லை. அறுபது வயதுக்கு உட்பட்ட, மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் இருக்கும், வேறு தடை இல்லாத பெண்ணுக்குத் தொல்லை கடுமையாக இருந்தால் ஹார்மோன் சிகிச்சையின் நன்மை தீமையைவிட அதிகம் என்பதே இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலை. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டு, கல்லீரல் நோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் மாத்திரையாக அது பொருந்தாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. மருந்தைக் கேட்பது பொறுமையின்மை ஆகாது. தூங்க முடியாமல் இரண்டு ஆண்டு வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்குப் பொறுமையை மேலும் போதிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

இரத்தப்போக்கு விஷயத்தில் அலட்சியமும் அவசரமும் இரண்டுமே ஆபத்து. ‘நிற்கப் போகிற நேரம், அப்படித்தான் போகும்’ என்று மாதக் கணக்கில் நாப்கினை நனைத்துக்கொண்டே ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கும்வரை இருந்துவிடுவது ஒரு பக்கம். ஓராண்டு நின்றபிறகு மீண்டும் ஒரு துளி பட்டாலும் அதைக் காட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் அப்படி வருபவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கிறது; தொடக்கத்தில் கண்டுபிடித்தால் அது பெரும்பாலும் குணமாகக்கூடியது. மறுபக்கம், சின்னக் கட்டி, கொஞ்சம் அதிகப் போக்கு என்றதும் ‘இனி எதற்கு, எடுத்துவிடுங்கள்’ என்று கருப்பையை நீக்கிவிடுவது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில், இளம் வயதிலேயே கருப்பையை இழந்திருந்தது 2019இல் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் மெனோபாஸ் அன்றே, ஒரேயடியாக வந்துவிடும். விட்டுவைத்தாலும் அவை சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துபோக வாய்ப்புண்டு. எனவே அறுவைக்குச் சம்மதிக்கும் முன் மாத்திரை, ஹார்மோன் கொண்ட கருப்பை வளையம் போன்ற வேறு வழிகள் தனக்குப் பொருந்துமா என்றும், சினைப்பைகள் என்ன ஆகும் என்றும் கேட்பதும், முடிந்தால் இரண்டாவது மருத்துவர் ஒருவரிடம் காட்டுவதும் அவசியம்.

மருத்துவரிடம் போகும்போது கையில் சிறு குறிப்பு இருந்தால் ஐந்து நிமிடப் பார்வையும் பயன்படும். கடைசி ஆறு மாதத்தில் எந்தெந்தத் தேதியில் போக்கு வந்தது, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், இரவில் எத்தனை முறை விழிப்பு, என்னென்ன மாத்திரைகள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோயோ இடுப்பு முறிவோ உண்டா என்பதை எழுதிக்கொண்டு போனால் போதும். காலண்டர் தாளின் ஓரத்தில் பால் கணக்கு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் இதற்கும் இடம் இருக்கிறது.

இவ்வளவையும் தன்னைத் தானே கவனித்துக்கொள்வது என்று பெண்ணின் தலையிலேயே கட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, ஷிப்டுக்கோ அலுவலகத்துக்கோ போய், மாலையில் திரும்பி மாமனாருக்குக் கஞ்சி காய்ச்சுபவளிடம் வாரம் 150 நிமிடம் ஒதுக்கு என்று சொல்வதற்கு முன், அந்த நிமிடங்கள் யாருடைய வேலையிலிருந்து வரப்போகின்றன என்று வீட்டார் பேசி முடிவெடுக்க வேண்டும். மாலையில் அவள் நடக்கப் போகும் நேரத்தில் தோசை ஊற்றுவது கணவரா மகனா, இரவு மாமியாருக்கு விழித்திருப்பது வாரத்தில் எந்தெந்த நாள் யார், காலையில் குக்கர் வைப்பது யார் என்பவை பெயர் போட்டுப் பிரிக்க வேண்டிய வேலைகள். சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் சாம்பாரில் இருக்கும் பருப்பும் சட்டியில் இருக்கும் மீனும் அவள் தட்டுக்கும் வரும். தொழிற்சாலையிலும் பள்ளியிலும் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார ஒரு மின்விசிறியடி இடமும், தண்ணீர் வரும் சுத்தமான கழிப்பறையும், மருத்துவரிடம் போய்வர அரை நாள் விடுப்பும் கிடைத்தால், அவர்கள் வேலையை விட்டு நிற்காமல் அந்த ஆண்டுகளைக் கடந்துவிடுவார்கள்.